எழுத்தர் என்றால் யார்?

மருத்துவமனை வரலாறுகளில் கத்தி உண்டு, மயக்க மருந்து உண்டு. காகிதத்துக்கு இடம் குறைவு. அதைக் கட்டிக் காத்த பெண்களுக்கு இன்னும் குறைவு.

அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள மேயோ கிளினிக்கில் 1907 வரை மருத்துவர்கள் தனித்தனிப் பேரேடுகளில்தான் எழுதிவந்தார்கள். மறுபடி வரும் நோயாளியின் பழைய விவரம் வேண்டுமென்றால் பல பேரேடுகளைப் புரட்ட வேண்டும். அந்த ஆண்டு ஹென்றி பிளம்மர் என்ற மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒரே எண், அவருடைய தாள்கள் எல்லாம் ஒரே உறை என்ற முறையைக் கொண்டுவந்தார். அதை அவரோடு சேர்ந்து உருவாக்கியவர் மேபெல் ரூட். எந்த நோய், எந்த அறுவை என்று பிரித்து அட்டவணை போடுவது சமையல் மாதிரி, இன்றைக்குச் செய்தாலும் நாளைக்கும் இருக்கும். முறைக்குப் பெயர் பிளம்மருடையது.

பத்து ஆண்டுகள் முன்பே, 1897இல், போஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் இதே வேலைக்கு வந்திருந்தார். 1821 முதலான நோயாளிக் குறிப்புகள் அங்கே குவிந்திருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்த எழுத்துக்கூட்டிப் படித்தால் போதாது. நோயின் பெயர் புரிய வேண்டும், ஒரே நோய்க்கு வெவ்வேறு மருத்துவர்கள் வைத்த பெயர்கள் தெரிய வேண்டும். இதற்கு ‘உதவி’ என்று பெயர். (தமிழிலும் எழுத்தாளர் வேறு, எழுத்தர் வேறு. ஓரிரு எழுத்துதான் குறைகிறது, மரியாதை எவ்வளவு குறைந்துவிடுகிறது!)

இந்த வேலை நடக்காத இடங்களின் கதை விரைவிலேயே வெளிப்பட்டது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 692 பெரிய மருத்துவமனைகளைச் சோதித்தது, தேறியவை 89. பத்திரிகைகளின் கையில் சிக்கக் கூடாதென்று 1919இல் நியூயார்க் விடுதி ஒன்றின் உலையில் அந்தப் பட்டியலையே எரித்தார்கள். அந்தக் கல்லூரி வகுத்த குறைந்தபட்சத் தரங்களில் ஒன்று, ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான குறிப்பு இருக்க வேண்டும் என்பது. விதி வந்தால் ஆள் வேண்டுமே. மருத்துவர் வார்டில் நிற்க, குறிப்பைச் சரிபார்த்து விடுபட்டதைக் கேட்டு வாங்கும் வேலை இந்தப் பெண்களிடம் வந்தது.

1928இல் மேயோவில் ஒரு பெரிய கட்டடம் திறக்கப்பட்டது, அது இன்று பிளம்மர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே ஆண்டு போஸ்டனில் இந்தப் பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். மையர்ஸ் முதல் தலைவர். சங்கத்தின் பெயரில் அவர்கள் தங்களை எழுத்தர் என்றோ உதவியாளர் என்றோ சொல்லிக்கொள்ளவில்லை. ஆவண நூலகர் என்றார்கள்.