இருவகைக் காரம்

கோவளத்தில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிறுசேரி என்றதும் ஏரியும் நெல்வயலுமே நினைவுக்கு வரும். இன்றோ அங்கே சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்து, வரப்புகள் இருந்த இடங்களில் கண்ணாடிச் சுவர்க் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. என் மூத்த மகன் அவற்றுள் ஒன்றில் பணிபுரிகின்றான். "வாப்பா, ஒரு நாள் எங்கள் பக்கம் வாருங்கள், ஜப்பானியர் உணவு வாங்கித் தருகிறேன்" என்று அவன் பலமுறை அழைத்ததால், சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் சென்றிருந்தேன்.

அந்த உணவின் பெயர் ராமென். ஆழ்ந்த கிண்ணம் நிறையச் சூடான சாறு. அதனுள் கோதுமை மாவில் செய்த நீண்ட இழைகள். மேலே அவித்த முட்டையும் கீரையும். ஜப்பானில் இதன் சாற்றைப் பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து எடுப்பது பெருவழக்கு. 'மிரின்' என்னும் இனிப்பான அரிசி மது சேர்வதும் உண்டு. ஆகையால் முதலில் அதைத்தான் விசாரித்தேன். பரிமாறும் இளைஞர் முகம் சுளிக்காமல் சமையலறைக்குச் சென்று கேட்டு வந்து, கடற்பாசியும் காளானும் இட்டுக் காய்ச்சிய சாறு தனிப் பாத்திரத்தில் உண்டு என்றும், அதில் மது சேர்ப்பதில்லை என்றும் சொன்னார். மனம் அமைதியுற்றது.

காரத்திற்கு ஐந்து படிகள் வைத்திருந்தார்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றான் மகன். குண்டூர் மிளகாயைக் கிள்ளிப் போட்டுக் கருவாட்டுக் குழம்பு உண்டு வளர்ந்தவனுக்கு ஜப்பானியன் என்ன காரம் காட்டிவிடப் போகிறான் என்ற எண்ணம் எனக்கு. எங்கள் உஸ்தாது 'நஃப்ஸ்' என்று எச்சரித்தது இதைத்தான் போலும். நான்காம் படியைக் கேட்டேன். இரண்டாவது வாயிலேயே காது அடைத்தது. தாடி நனையக் கண்ணீர் வழிந்தது. தண்ணீர் குடிக்கக் குடிக்க எரிச்சல் பரவியதே அன்றித் தணியவில்லை. மகன் குளிர்ந்த பால் வாங்கி வந்தபின்தான் பேச்சு வந்தது.

மிளகாயில் உள்ள கேப்சைசின் என்னும் பொருள் தண்ணீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் உள்ள புரதமும் அதைப் பற்றி அகற்றும். நம் முன்னோர் உறைப்பை அறுசுவையுள் ஒன்றாக வைத்தார்கள். இன்றைய அறிவியலோ மிளகாயின் காரத்தை நாச்சுவையாகக் கொள்ளாமல், வலியாகவே கொள்கின்றது. சுடுபொருள் பட்டால் விழித்தெழும் நரம்பு வாயிலையே கேப்சைசினும் தட்டி எழுப்புகின்றது. இதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். சுடாத ஒன்றைச் சுட்டதாக நாவு நம்பி அழுகின்றது என்க.

இனி, எனக்குச் செருக்கூட்டிய அந்த மிளகாய் யாருடையது? அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் 1492-இல் அங்கே கால் வைப்பதற்கு முன் நம் நாட்டில் மிளகாயைக் கண்டவர் எவருமிலர். 1510-இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் கோவளத்துக்கு வடக்கே சாந்தோமிலும் குடியேறினர். அவர்களுடைய கப்பல்களே இச்செடியை இந்தியக் கரைகளுக்குக் கொண்டுவந்தன. அக்பரின் அரண்மனைச் சமையலை விரித்துரைக்கும் அபுல் ஃபஸ்லின் 'ஆயினெ அக்பரி' 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டது. அதன் உணவுப் பட்டியலில் மிளகு உண்டு, மிளகாய் இல்லை. அதற்கு முன்பெல்லாம் நமக்குக் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி ஆகியவைதாம்.

வந்த விருந்தாளிக்கு ஒவ்வொரு சமுதாயமும் தனக்குத் தெரிந்த பெயரைச் சூட்டிற்று. மிளகைப்போல் உறைக்கும் காய் ஆதலின் நாம் 'மிளகாய்' என்றோம். அரபியர் 'ஃபுல்ஃபுல் அஹ்மர்', அதாவது சிவப்பு மிளகு என்றனர். ஃபுல்ஃபுல் என்பதே பிப்பலி என்ற நம் நாட்டுச் சொல்லின் அரபு வடிவம். இஸ்லாத்திற்கு முற்பட்ட இம்ரவுல் கைஸின் முஅல்லக்காவிலேயே அச்சொல் இடம்பெற்றிருக்கின்றது. ஜப்பானியரோ 'தோகராஷி' என்றனர். தாங் நாட்டுக் கடுகு, அதாவது சீனக் கடுகு என்பது அதன் பொருள். போர்த்துகீசியர் காலத்தில் வந்த அமெரிக்கக் காய்க்குச் சீனப் பெயர்!

மிளகாய் இப்படியென்றால் மாவிழையின் கதை இன்னும் சுவையானது. ராமெனை ஜப்பானியரின் பழம்பெரும் உணவு என்று நினைப்பவர் பலர். சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை ஜப்பானில் அது 'சீன சோபா' என்றே வழங்கிற்று. 1910-இல் டோக்கியோ அசகுசாவில் திறக்கப்பட்ட ராய்ராய்கென் என்னும் கடை இவ்வுணவைப் பரப்பியதில் பேர்பெற்றது. அங்கே சமைத்தவர்கள் சீனர்கள். ராமென் என்ற பெயரே 'லாமியன்', அதாவது கையால் இழுத்த மாவிழை, என்ற சீனச் சொல்லிலிருந்து வந்தது என்பர்.

இந்த லாமியனுக்குச் சீனாவில் இன்று பெரும்புகழ் தேடித் தந்திருப்பவர்கள் லான்ஜோ நகரின் ஹூயி முஸ்லிம்கள். 1915-இல் மா பாவோசி என்பவர் அங்கே தொடங்கிய மாட்டிறைச்சி லாமியன் இன்று சீனாவெங்கும் பரவியிருக்கின்றது. தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் இழை என்று அதற்கு இலக்கணமே வகுத்துள்ளனர். பாலைநிலச் செடியை எரித்த சாம்பலின் காரநீரை மாவில் சேர்த்துப் பிசைவது அவர்களது பழைய முறை. ஜப்பானியர் இதற்குக் 'கன்சுயி' என்னும் காரநீரைச் சேர்க்கின்றனர். இழைக்கு மஞ்சள் நிறமும், இழுத்தால் அறாத துவளலும் இதனால்தான் வருகின்றன. நம் வீடுகளில் அப்பளத்திற்கு இடும் அப்பளக்காரம் இதன் உறவினமே. சாற்றில் ஒரு காரம், மாவில் ஒரு காரம். தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றது!

மேற்கே அரபு உலகமும் மாவிழையை அறியாததன்று. உலர்த்திய இழைக்கு 'இத்ரிய்யா' என்று பெயர். புவியியலறிஞர் அல்-இத்ரீஸீ, சிசிலித் தீவின் மன்னர் ரோஜருக்காக 1154-இல் முடித்த நூலில், பலெர்மோவை அடுத்த திராபியா என்னும் ஊரில் இத்ரிய்யா பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பப்பட்டதாகக் குறிக்கின்றார். மார்கோ போலோ பிறப்பதற்கு நூறாண்டு முந்திய செய்தி இது.

இவ்வளவும் ஏட்டறிவு. ஆனால் அன்று அக்கிண்ணத்தில் பால் குடித்து ஆறியபின் மீண்டும் ஓர் இழையைக் கடித்தபோது, இதே வழவழப்பையும் இதே மணத்தையும் நான் முன்பே அறிவேன் என்று தோன்றிற்று. எங்கே என்று நெடுநேரம் பிடிபடவில்லை. பிறகு நாகூர் நினைவுக்கு வந்தது.

என் தாயாரின் மூத்த சகோதரர் இளமையில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கு சென்றவர். அங்கே நம்மவர்களை மலாய் மக்கள் 'மாமாக்' என்பார்கள். மாமா என்ற நம் சொல்லே அது. சீனர்களிடமிருந்து மஞ்சள் நூடுல்ஸை வாங்கி, அரைத்த மிளகாய் விழுதும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கணவாயும் சேர்த்து, பெரிய இரும்புச் சட்டியில் நெருப்புப் பறக்கப் புரட்டித் தருவது தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணம். அதற்கு 'மீ கோரிங்' என்று பெயர். மீ என்பது ஹொக்கியன் சீனரின் சொல். கோரிங் என்றால் மலாயில் வறுத்தல். இன்றும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அது நம்மவர் உணவாகவே அறியப்படுகின்றது. மாமாவும் அங்கே மீ வண்டி தள்ளியவர்.

1979 வாக்கில் அவர் 'சிதம்பரம்' கப்பலில் ஊர் திரும்பினார். எனக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. ஒரு மாலை முற்றத்தில் அடுப்பு மூட்டி, தாமே அப்பளக்காரம் இட்டுப் பிசைந்து அரிந்த இழைகளை அச்சட்டியில் புரட்டினார். என் பாட்டனார் எட்டிப் பார்த்து, "சீனன் தின்கிற புழுவை இந்த வீட்டில் ஆக்காதே" என்று கூறி உள்ளே சென்றுவிட்டார். பெரியவர்கள் ஒருவரும் தொடவில்லை. சிறுவர்களாகிய நாங்கள் ஒரு வாய் தின்றோம். மீதி ஆட்டுக்குப் போயிற்று. மாமா பிறகு அதைச் செய்ததே இல்லை. கடைத்தெருவில் பீடிக்கட்டும் சோப்பும் விற்றே காலம் கழித்தார்.

பாட்டனார் பேணுதல் மிக்கவர். அவரைக் குறைகூற எனக்கு நா எழாது. ஆனால் அவர் அன்று அதில் என்ன சேர்ந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோதுமையும் கணவாயும் மிளகாயும் என்று மகன் சொல்லியிருப்பார். ஹலாலைப் பேணுவது வேறு; அயலான் உணவு என்று அருவருப்பது வேறு. மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் நடத்தும்போது இவ்வேறுபாட்டை ஆண்டுதோறும் நானே விளக்குகிறேன். ஆயினும் மாமாவின் சட்டி அப்போதெல்லாம் என் நினைவுக்கு வந்ததில்லை.

வீடு திரும்பியதும் நாகூரில் இருக்கும் மாமிக்குத் தொலைபேசினேன். எண்பது வயதைக் கடந்தவர். ஒரு படி மாவுக்கு எவ்வளவு அப்பளக்காரம் என்று கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "அந்தச் சட்டி பரணில்தான் கிடக்கிறது, துரு ஏறியிருக்கும். வரும்போது புளி கொண்டு வா, தேய்க்க வேண்டும்" என்றார்.