ஓய்ந்த ஆலைச் சங்கு

பாலக்காட்டுக் கணவாயின் இப்புறம் நம் நல்லேப்பிள்ளி, அப்புறம் கோயம்புத்தூர். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தோர் வழிவந்த நமக்கு, அந்நகரத்து ஆலைத் தொழிலாளரின் வரலாறு அயலார் கதை அன்று.

1888ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் அங்கு முதல் நூற்பாலையை நிறுவினார். கரிசல் மண்ணும் கம்போடியாப் பருத்தியும் துணைநின்றன. 1930களில் பைக்காரா மின்சாரமும் வந்து சேர, ஆலைகள் பெருகின. ஆலைச் சங்கொலியே பல தெருக்களுக்குக் கடிகாரமாயிற்று.

செழிப்பு நிலைக்கவில்லை. இலாபம் ஈட்டிய காலத்தில் இயந்திரங்களைப் புதுப்பியாத ஆலைகள் நலிவுற்றன. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் நலிந்த 103 ஆலைகள் அரசுடைமையாயின. கோவையில் பங்கஜா, கம்போடியா, ரங்கவிலாஸ் ஆகியவற்றோடு ஸ்டேன்ஸின் ஆலையும் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின்கீழ் இயங்கியது. அரசாங்க ஆலை என்பதால் வேலைக்கு அழிவில்லை என்று தொழிலாளர் நம்பினர். ஆனால், 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தின்போது கழகத்தின் ஆலைகள் நின்றன. ஊரடங்கு தளர்ந்த பின்னும் அவை பழையபடி ஓடவில்லை. ஆலைகளைத் திறக்கவும் ஊதிய நிலுவையைத் தரவும் வேண்டித் தொழிலாளர் பலமுறை போராடினர்.

ஆலை நின்றால் அனைவர்க்கும் இழப்பே. எனினும் இளையவன் வேறு தொழில் பயில்வான். ஐம்பதைக் கடந்தவன் என் செய்வான்? அறுந்த இழையை நொடியில் இணைக்கும் அவன் விரல்நுட்பத்திற்கு ஆலை வாயிலுக்கு வெளியே விலை இல்லை. தனியார் ஆலைகளோ விடுதியில் தங்கும் இளம்பெண்களையும் வடமாநில இளைஞரையும் நாடின.

சட்டம் அவனை முற்றிலும் கைவிட்டதென்று கூறல் ஆகாது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் வழங்க வகைசெய்தது. 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டமோ 58 வயதில்தான் முழு ஓய்வூதியம் தருவது. 50 வயது முதல் முன்கூட்டிப் பெறலாம், ஆனால் ஆண்டுக்கு 4 விழுக்காடு குறையும். 2014இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 1000 ரூபாயே.

ஐம்பதுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் இடைப்பட்ட அந்த எட்டாண்டுகளே முதிய தொழிலாளியின் பாலைநிலம். மகளின் திருமணமும் மகனின் படிப்பும் வந்து நிற்பது அப்பருவத்தில் அன்றோ? கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தனாகிய எனக்கு ஒன்று புலப்படுகிறது: பணிக்காலத்திற்கு விதி உண்டு, முதுமைக்கும் விதி உண்டு, இடையில் வேலையிழந்து நிற்பவனுக்குரிய பக்கமே நிறைவுறாமல் கிடக்கிறது. அப்பக்கத்தை எழுதி நிரப்புதல், அவன் நூற்ற நூலை உடுத்த சமுதாயத்தின் கடனாகும்.