கொள்ளைநோயும் தொட்ட கையும்

கொள்ளைநோயின் வரலாற்றை எழுதியவர்கள் கிருமியை எழுதினார்கள், சட்டத்தை எழுதினார்கள், செத்தவர் கணக்கை எழுதினார்கள். அந்த நாட்களில் ஒரு குடும்பம் எதைப் பிடித்துக்கொண்டு மனசு உடையாமல் இருந்தது என்பது அந்தப் பக்கங்களில் அதிகம் இல்லை. கொரோனா காலத்தில் 'மனநலம்' என்ற சொல் பத்திரிகையெங்கும் அடிபட்டது. மூச்சுப்பயிற்சி செய், நல்ல புத்தகம் படி, தனியறையில் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார் என்றார்கள். தனியறைக்கு நாங்க எங்க போறது? அறிவுரை சொன்னவர் மனசில் இருந்த குடும்பம் யாருடைய குடும்பம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 1897ஆம் வருஷத்துப் புனே நகரத்தில் போய் நிற்போம்.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. சில மாதங்களில் புனேயிலும் பரவியது. 1897 பிப்ரவரி 4இல் வெள்ளைக்கார அரசு கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. பட்டாளத்தார் வீடுவீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள், தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். பிளேக் அதிகாரி ரேண்ட்டை ஜூன் 22ஆம் தேதி, விக்டோரியா ராணியின் வைரவிழா இரவில், சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். நம் வரலாற்றுப் புத்தகங்களில் புனே பிளேக் என்றால் இதுதான். பெண்களை ஆண்கள் முன்னால் நிறுத்திச் சோதித்தது அக்கிரமம், அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்துக்குள் இன்னொன்றும் கலந்திருந்தது. பூஜையறைக்குள் அந்நியன் கால் வைத்துவிட்டான், தீட்டாகிவிட்டது என்கிற கோபம் அது. தேசியம் நமக்குக் கொடுத்திருக்கும் பிளேக் நினைவு, தொட்டுவிட்டார்களே என்கிற நினைவு.

அதே ஊரில், அதே வருஷத்தில், நமக்கு இன்னொரு நினைவு இருக்கிறது. பட்டாளத்தின் தேடுதல் வேட்டை முழுவேகம் பிடிக்கும் முன்பே ஊருக்கு வெளியே, ஹடப்சர் பக்கம் சசானே குடும்பத்தார் நிலத்தில், பிளேக் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை நடந்தது. நடத்தியவர் சாவித்திரிபாய் புலே. வைத்தியம் பார்த்தவர் அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த். முண்ட்வா கிராமத்து மகர் சேரியில் ஒரு சின்னப் பையனுக்கு நோய் கண்டது. அறுபத்தாறு வயதுக் கிழவி அந்தப் பிள்ளையை முதுகில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். நோய் அவரையும் தொற்றியது. 1897 மார்ச் 10இல் செத்துப்போனார். யஷ்வந்தும் 1905இல், பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப்போய், அதே பிளேக்கில் செத்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாவித்திரிபாயும் நோயாளிகளை ஊரிலிருந்து விலக்கித்தான் வைத்தார். நோய்க்கு இடைவெளி வேண்டும். அதை மறுத்தால் முதலில் சாவது நம்ம பிள்ளைகள்தான். ஆனால் விலக்கி வைத்த இடத்தில் அவரும் போய் இருந்தார். சர்க்கார் முகாமுக்குப் போனால் உயிரோடு திரும்ப மாட்டான் என்று ஜனங்கள் நோயாளியை ஒளித்துவைத்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் சேரிக்குள் வந்து, பிள்ளையைத் தொட்டு, முதுகில் ஏற்றிக்கொண்டு போக ஒருத்தி இருந்தாள். அந்தப் பையனைப் பெற்றவளின் பயத்தில் பாதியையாவது அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். மனநலம் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அது அங்கே மாத்திரையாக வரவில்லை, ஆளாக வந்தது.

ஆள் வராத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1918ஆம் வருஷத்து இன்ஃபுளுயன்சா சாட்சி. இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். பம்பாய் நகரச் சுகாதார அதிகாரி சாதிவாரியாகக் கணக்கெடுத்தார். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 சாவு, சாதி இந்துக்களில் 18.9, 'கீழ்ச்சாதி இந்துக்கள்' என்று அவர் குறித்தவர்களில் 61.6. கிருமி சாதி பார்க்காது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். அதே நோயில் மனைவியையும் சொந்தங்களையும் பறிகொடுத்த இந்திக் கவிஞர் நிராலா, பின்னாளில் அதை எழுதிவைத்தார். அந்த 61.6க்குள் எத்தனை தாய், எத்தனை புருஷன், அநாதையாகிப்போன எத்தனை குழந்தை? அவர்களுடைய துக்கம் ஒரு எண்ணாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் 'சமூக விலகல்', 'சமூக இடைவெளி' என்ற சொற்கள் வந்தன. அதே மார்ச் 20இல் உலக சுகாதார நிறுவனம், 'உடல் இடைவெளி' என்று சொல்லுவோம், உடம்பு தள்ளியிருந்தாலும் மனிதர்கள் தொடர்போடு இருக்க வேண்டும் என்றது. இங்கே யார் காதிலும் அது ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் உண்டு. சமூக இடைவெளி இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்த சரக்கில்லையே. தள்ளி நில், தொடாதே, தனிக் குவளை என்பதையெல்லாம் கிருமி வருவதற்கு முன்னாலேயே பழகிய ஊர் இது.

அந்த ஏப்ரலில் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. குடும்பத்தார் ஓட வேண்டியதாயிற்று. நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவர்தான் மண்ணைத் தள்ளி மூடினார். நாடே பதறியது. பதற வேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்திய வருஷம், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் பாதை மறிக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றில் இறக்கினார்கள். பிணத்துக்கு வழி கேட்டு நிற்கிற குடும்பத்தின் மனசு என்ன பாடுபடும் என்பது சேரிக்குக் கொரோனா வந்து சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2021 மே மாதம் எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு அண்ணன் செத்தார். ஆஸ்பத்திரியில் கட்டிய பொட்டலம் அப்படியே மயானத்துக்குப் போய்விட்டது. முகம் பார்க்கவில்லை, கோடித்துணி போடவில்லை, பறை இல்லை. சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது அன்றைய விதி. அண்ணி அழவில்லை. சாப்பிடவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தாங்க. புத்தி பேதலிச்சுப் போச்சு என்று பேசத் தொடங்கினார்கள். பதினாறாம் நாள் எங்க பெரியம்மா முகத்தை முந்தானையால் இழுத்துக் கட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாங்க. நாங்க நாலைந்து பேர் தள்ளித்தள்ளி உட்கார்ந்தோம். அரைமணி நேரம் கழித்து அண்ணி வெடித்து அழுதாங்க. அன்றைக்கு ராத்திரி ஒரு வாய் கஞ்சி இறங்கியது. "பைத்தியமும் இல்ல ஒண்ணும் இல்லடி. அழ வுடல, அதான்" என்றாங்க பெரியம்மா. நான் எம்.ஏ. தமிழில் ஒப்பாரியை நாட்டார் வழக்காறு என்ற தலைப்பில் பரீட்சைக்குப் படித்தவள். அது வைத்தியமும்தான் என்று அந்த வாசலில்தான் விளங்கியது.

ஒப்பாரி ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. தூக்கம் போய், சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறவர்களுக்கு மனநல மருத்துவர் வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில், மரியாதையோடு, நம் பாஷையில் பேசுகிற மருத்துவர் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. கூடவே கூலி வேண்டும். அடுப்பு எரியாத வீட்டில் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது கேலி. பிள்ளைகளின் மனசுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். தமிழ்நாட்டில் சாராயக்கடையை 2020 மே 7இலேயே திறந்து பார்த்தார்கள். ஒன்றிலிருந்து எட்டாவது வரைக்கும் பள்ளி திறக்க 2021 நவம்பர் 1 ஆனது. நடுவில் எத்தனை வீட்டில் அடி விழுந்தது, எத்தனை பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள் என்பது அந்தந்தத் தெருவுக்குத் தெரியும்.

தோழர்களே, அந்தத் தெருக்களுக்குப் போய் எழுதி வாங்குங்கள். நோட்டும் பேனாவும் போதும். யார் யாருக்குக் கஞ்சி கொடுத்தார்கள், யார் பிணத்தை யார் தூக்கினார்கள், அப்பன் செத்ததைப் பிள்ளைக்கு யார் எப்படிச் சொன்னார்கள், அழாத பெண்ணை அழவைத்தது யார் என்று கேளுங்கள். துப்புரவுப் பணியாளரும் மயானத் தொழிலாளரும் வேலை முடிந்து வீடு திரும்பி, பிள்ளையைத் தொடாமல் திண்ணையில் படுத்த ராத்திரிகளைக் கேளுங்கள். 1918இல் செத்த நம் ஜனங்களுக்கு ஒரு எண்தான் மிஞ்சியது. 2020இல் செத்தவர்களுக்கும் பிழைத்துக் கிடப்பவர்களுக்கும் அதுவே கதியாகக் கூடாது. சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.