சொல் நின்றது, பொருள் நகர்ந்தது: மார்மன் உணவு நெறியின் வரலாறு

மார்மன்கள் உடல்நலம், உணவு ஆகியன குறித்துக் கைக்கொள்ளும் நெறி 'ஞான வார்த்தை' எனப்படும். 1833 பிப்ரவரி 27ஆம் நாள் ஒகையோ மாநிலத்தைச் சார்ந்த கர்ட்லாந்து என்னும் ஊரில் ஜோசப் ஸ்மித் இதனை இறைவெளிப்பாடாக அறிவித்தார். 1826இல் பாஸ்டனில் தோன்றிய அமெரிக்க மதுவிலக்குச் சங்கத்தின் கருத்துகள் நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. மது, கடும் பானம், புகையிலை, சூடான பானம் ஆகியவற்றை இந்நெறி விலக்கியது. தானியங்களையும் கனிகளையும் போற்றியது. இறைச்சியைச் சிக்கனமாக உண்ணச் சொன்னது. எனினும் தொடக்கத்தில் இது கட்டளையாக அன்றி, அறிவுரையாகவே வழங்கப்பட்டது.

இந்நெறியின் வரலாறு பெரிதும் சொற்பொருளின் வரலாறே ஆகும். 'கடும் பானம்' என்பது அக்கால ஆங்கில வழக்கில் காய்ச்சி வடித்த சாராய வகைகளைக் குறித்தது. வாற்கோதுமையாலான மென்பானங்களை மூலமே ஏற்றுக்கொள்கிறது. 'சூடான பானம்' எது என்பதை மூலம் விளக்கவில்லை. அது தேநீரும் காப்பியுமே என்று 1842இல் ஹைரம் ஸ்மித் விளக்கினார். அவ்விளக்கமே நிலைபெற்றது. ஆகவே குளிரூட்டிய தேநீரும் விலக்காயிற்று. சூடான கோகோ விலக்காகவில்லை.

நிறுத்தக்குறியும் பொருளை மாற்றவல்லது. குளிர்காலத்திலும் பஞ்சத்திலும் தவிர இறைச்சி வேண்டா என்று பொருள்படும் தொடரில், 1921ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு காற்புள்ளி சேர்க்கப்பட்டது. அக்குறியின்றிப் படிப்பவர், அக்காலங்களில் மட்டுமே உண்ணுதல் தகாது என்றும் கொள்ள இடமுண்டு.

கடைப்பிடிப்பும் படிப்படியாகவே இறுகியது. 1860களில் தென் யூட்டாவில் குடியேறிய மார்மன்கள் திராட்சை மது தயாரித்தனர். 1921இல், ஹீபர் கிராண்ட் தலைமையில், கோவிலுக்குள் நுழைவதற்குரிய தகுதியாக இந்நெறி வரையறுக்கப்பட்டது. அறிவுரை கட்டாயமாயிற்று.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது இங்கே உளது. 'சூடு' என்னும் தமிழ்ச் சொல் வெப்பநிலையையும் உணவின் தன்மையையும் ஒருங்கே குறிக்கும். மூலம் கருதுவது இரண்டாவதை அன்று. 'தேநீர், காப்பி' என்று பெயர்த்தால் 1842இன் விளக்கம் 1833இன் மூலத்துள் புகுந்துவிடும். சொல்லை மூலத்தில் உள்ளவாறே நிறுத்தி, வழக்கை அடிக்குறிப்பில் தருதலே இரண்டையும் காக்கும் வழியாகும்.