கோட்டைக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

சென்னைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டப்படும் இடங்களில் புனித ஜார்ஜ் கோட்டை முதலிடத்தில் இருக்கிறது. அதையடுத்து சேப்பாக்கம் அரண்மனையும், ஆளுநர்கள் குடியிருந்த அரசினர் தோட்டமும் வரும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கமிருந்து போகும் நம் பிள்ளைகளும் பீரங்கி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த மூன்று இடங்களும் நம்முடைய சேரிகளின் தலையெழுத்தை எழுதிய இடங்கள். அந்தக் கண்ணோடு ஒருமுறை சுற்றிப் பார்ப்போம்.

கதை நம் ஊரிலேயே தொடங்குகிறது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரையில் இடம் கொடுத்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அவருடைய தம்பி அய்யப்ப நாயக்கர் இருந்தது பூந்தமல்லியில். இவர்களுடைய தந்தை சென்னப்பரின் பெயரில்தான் சென்னை என்ற பெயரே வந்தது என்பார்கள். 1640-இல் கோட்டை எழும்பத் தொடங்கியது. நிலம் கொடுத்தவர் பெயர் தெரிகிறது, வாங்கியவர்களான பிரான்சிஸ் டே, ஆண்ட்ரூ கோகன் பெயர்களும் தெரிகின்றன. அந்த மணலில் கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பெயர்ப் பலகை கோட்டையில் எங்கும் இல்லை.

கோட்டைக்குள் 1680-இல் கட்டிய புனித மேரி தேவாலயம் இருக்கிறது. 1687 முதல் 1692 வரை இங்கே ஆளுநராக இருந்த எலிஹு யேல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். அந்தக் காலத்தில்தான் இந்தத் துறைமுகத்திலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். வழிகாட்டிகள் யேலின் திருமணம் இந்தத் தேவாலயத்தில் நடந்ததைச் சொல்வார்கள், கப்பலேறியவர்களைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். நாம் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் சாதியை ஒழிக்க வந்தவன் என்றும், சாதியை உண்டாக்கியதே அவன்தான் என்றும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கோட்டையின் வரலாறு இரண்டையும் மறுக்கிறது. கருப்பர் நகரத்தில் வலங்கை, இடங்கைச் சாதிகள் 1652-இலும் 1707-இலும் மோதிக்கொண்டபோது, எந்தத் தெரு யாருக்கு என்று பிரித்துக் கொடுத்தது கம்பெனி நிர்வாகம். சாதி ஏற்கெனவே இருந்தது. வியாபாரம் தடையில்லாமல் நடக்க, கோட்டை அதற்குக் காவல் நின்றது.

அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸின் பளிங்குச் சிலை நிற்கிறது. அதன் பீடத்தில் திப்பு சுல்தானின் பிள்ளைகள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. சீருடைகளும் பதக்கங்களும் சுற்றிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வெற்றிகளைப் பெற்றுத் தந்த சென்னை ராணுவத்தில் பறையர் சிப்பாய்கள் பெருமளவில் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'போர்க்குடி' என்ற கோட்பாடு வந்ததும் படையின் கதவு அவர்களுக்குக் குறுகிப்போனது.

அடுத்தது சேப்பாக்கம். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்த அரண்மனை. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் ஆங்கிலேயர் கைக்குப் போய், பிறகு வருவாய் வாரியத்தின் அலுவலகமானது. தோழர்களே, நாம் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். மிராசு முறை ஆழமாக வேரோடிய மாவட்டம் அது. தரிசு நிலத்துக்குப் பட்டா கேட்டால்கூட மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரிக் குடிசை நின்ற மனையும் அவருடையது என்ற நிலை. எதிர்த்துப் பேசினால் வேலையும் போகும், குடிசையும் போகும். 1843-இல் சட்டம் அடிமை முறையை அங்கீகரிப்பதை நிறுத்திய பிறகும் படியாள் முறை நீடித்ததற்குக் காரணம் இதுதான். சங்கிலி தேவைப்படவில்லை, நிலமில்லாமையே சங்கிலியாக இருந்தது.

இதை 1891-இல் எழுத்தில் வைத்தவர் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர். குடியிருக்கும் மனை, பயிரிட நிலம், கல்வி ஆகியவை பறையர் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அவர் அனுப்பிய அறிக்கையை வருவாய் வாரியம் விருப்பமில்லாமல்தான் எதிர்கொண்டது. இருந்தும் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வெளிவந்தது. பஞ்சமி நிலத்தின் பிறப்புச் சான்றிதழ் அது. ஒப்படைக்கப்பட்ட நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பவை நிபந்தனைகள். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை.

ஒரு அதிகாரியின் கருணையால் மட்டும் வந்ததல்ல இது. நம் மக்களின் கோரிக்கைக் குரல் அப்போதே எழுந்துவிட்டது. அடுத்த ஆண்டே, 1893-இல், செங்கல்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அவரே பின்னாளில் கோட்டைக்குள் நடந்த சட்டமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்து, பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் நிறைவேற்ற வைத்தார். அதற்கு முன் 1922-இல் எம்.சி. ராஜா, அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வர வழிசெய்தார். அருங்காட்சியகத்தின் பீரங்கிகளைவிட நமக்குப் பெரியவை இந்த இரண்டு தீர்மானங்கள்.

அரசினர் தோட்டத்தில் ராஜாஜி மண்டபம் இன்னும் நிற்கிறது. பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணம் வெற்றிகளைக் கொண்டாட 1802-இல் திறந்த விருந்து மண்டபம் அது. ஆளுநர்கள் உலாவிய அந்தத் தோட்டத்தில் இன்று பன்னோக்கு அரசு மருத்துவமனை இயங்குகிறது. நம் புறநகர் மக்கள் வைத்தியத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். அதிகாரத்தின் தோட்டம் பொதுமக்களின் மருத்துவமனையாக முடியும் என்றால், கைமாறிப்போன பஞ்சமி நிலமும் திரும்ப முடியும்.

அது சும்மா திரும்பாது. 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டிச் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். 102 ஆண்டுக்கு முந்தைய அரசாணையை நிறைவேற்றச் சொன்னதற்குக் கிடைத்த பதில் அது.

இன்று நம் பக்கத்து நிலமெல்லாம் தொழிற்பேட்டையும் மனைப்பிரிவும் அடுக்குமாடியுமாகிவிட்டது. சதுர அடிக் கணக்கில் விலை பேசுகிறார்கள். இந்த நேரத்தில் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் கிராமத்தின் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய பதிவில் 'டி.சி.' என்று குறித்த சர்வே எண்கள், யு.டி.ஆர். பதிவில் யார் பெயரில் இருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சேப்பாக்கம் வளாகத்தில், எழிலகத்தில்தான் இன்றும் நில நிர்வாக ஆணையரகம் இருக்கிறது. அரண்மனையைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் மனுவையும் கையோடு எடுத்துப் போங்கள்.