பொத்தானுக்குப் பின்னால் ஒரு வரலாறு

வரலாறு என்றால் மன்னர்களின் படையெடுப்பும் கோட்டை கொத்தளங்களும் மட்டுமே என்று எண்ணுவோர் இன்றும் நம்மிடையே பலர் உளர். அன்றாடம் நம் விரல் படும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. மோட்டார் காரின் முகப்புப் பலகையில் அமர்ந்து, அழுத்தியவுடன் குளிர்காற்றை வரவழைக்கும் பொத்தான் அத்தகைய பொருள்களுள் ஒன்று. அது வேலை செய்யும் வரையில் அதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருநாள் அழுத்தியும் அசையாமல் இருந்துவிட்டால், பட்டறைக்கு ஓடுகிறோம். “முழுப் பெட்டியையும் மாற்றிவிடுங்கள்” என்பதே பெரும்பாலும் அங்குக் கிடைக்கும் விடை. அதனைத் திறந்து பார்த்து, துடைத்துச் சீர்செய்யலாமே என்ற எண்ணம் நமக்கு எழுவதில்லை. ஏன் எழுவதில்லை? எந்தப் பொறியையும் திறந்து பார்க்கத் துணிந்த ஒரு தலைமுறை நம்மிடையே வாழ்ந்ததன்றோ? இவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

குளிர்சாதனம் பிறந்த கதை

1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்லினில் ஓர் அச்சகம் இடர்ப்பட்டது. காற்றின் ஈரப்பதம் மாறுந்தோறும் தாள் விரிந்தும் சுருங்கியும் போகவே, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகின. அக்குறையைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் வகுத்த அமைப்பே இக்காலக் குளிர்சாதனத்தின் முன்னோடி. மனிதனின் சுகம் கருதியன்று, தாளின் நலம் கருதியே அது பிறந்தது என்பது நினைக்குந்தோறும் வியப்பளிக்கும் செய்தியாகும்.

அது மோட்டார் காருக்குள் புகுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. பேக்கார்டு நிறுவனம் 1939-இன் இறுதியில் வெளிக்காட்டிய 1940-ஆம் ஆண்டுக் கார்களில் குளிர்சாதனம் இடம்பெற்றது. சாமான் வைக்கும் இடத்தில் பெரும்பகுதியை அதுவே விழுங்கியது. அதனினும் வியப்பு, அதனை நிறுத்துவதற்கு முறையான விசையே இல்லாதிருந்தது! குளிர் மிகுந்தால் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, முன்மூடியைத் திறந்து, அமுக்கியைச் சுழற்றும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். இன்று ஒரு விரலால் செய்வதை அன்று இரு கைகளும் அழுக்காகச் செய்தனர். அவ்வமைப்பு 1941-க்குப் பின் கைவிடப்பட்டதில் வியப்பில்லை.

பின்னர் வந்தோர் கற்றுக்கொண்டனர். 1953-இல் கிரைஸ்லர் நிறுவனத்தார் குறைவு, நடுத்தரம், மிகுதி என மூன்று நிலைகள் கொண்ட ஒரே விசையைத் தந்தனர். 1954-இல் நேஷ் நிறுவனத்தார் வெப்பமூட்டலையும் குளிரூட்டலையும் காற்றோட்டத்தையும் ஒன்றாக்கி வண்டியின் முற்பகுதியிலேயே அடக்கினர். 1964-இல் கேடிலாக் கார்களில் வேண்டிய வெப்பநிலையைக் குறித்துவிட்டால் போதும். ஏனையவற்றை வண்டியே பார்த்துக்கொள்ளும் என்னும் நிலை வந்தது. கழற்றும் பட்டையிலிருந்து திருகும் குமிழுக்கும், குமிழிலிருந்து தானே இயங்கும் அமைப்புக்கும் கால் நூற்றாண்டில் மனிதன் கடந்து வந்தான். ஒன்றை மட்டும் இங்கே மனத்தில் கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் மனிதனின் விரலுக்கு வேலை குறைந்தது. அத்துடன் பொறியைப் பற்றிய அவன் அறிவும் குறைந்தது.

கை கற்ற கல்வி

நம் நாட்டின் நிலை யாது? இங்குப் பொறிகளை நம்மவர் அறிந்தது காரினால் அன்று, இரயிலினால். 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டு கோலாலம்பூரைக் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுடன் இணைக்கும் பாதை வந்தது. இப்பணிகளிலும் இவற்றைத் தொடர்ந்த பணிகளிலும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழரின் உழைப்பு பெரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த செந்தூல் இரயில்வேப் பட்டறை, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக் குடியிருப்புகள் ஆகியவற்றைச் சுற்றித் தமிழ்த் தொழிலாளர் சமூகம் ஒன்று உருவாயிற்று. கொதிகலனும் சக்கரமும் திருகும் அவர்களுக்கு அரிச்சுவடியாயின. அப்பட்டறை 1945-இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் பெரும் சேதமுற்று, மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது.

பந்திங்கைச் சூழ்ந்த கோல லங்காட் வட்டாரத்திலும் கேரித் தீவிலும் பரந்து கிடந்த தோட்டங்களில் இதே கல்வி வேறு வடிவில் நடந்தது. பால் உறையும் கொட்டகையில் உருளைப் பொறிகள் இருந்தன. பின்னாளில் செம்பனை ஆலைகளில் நீராவிக் கொதிகலன்கள் வந்தன. அவற்றை ஓட்டியும் பழுது பார்த்தும் பிழைத்த பிட்டர்களும் டிரைவர்களும் தமிழ்ப் பள்ளியில் சில ஆண்டுகளே படித்தவர்கள். பலர் அதுவும் இல்லாதவர்கள். ஆயினும் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே அதன் நோயைச் சொல்லவல்ல செவி அவர்களுக்கு இருந்தது.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. வண்டிகளுக்குப் பின்னால் கலம் பொருத்தி, கரியை எரித்து எழும் வாயுவால் அவற்றை ஓட்டினர். புதிய உறுப்பு வாங்க வழியில்லாத காலத்தில் பழையதைச் சீர்செய்வதே வழியாயிற்று. வறுமை ஆசிரியனாக வந்து கற்பித்த பாடம் அது.

தாயகத்திலும் இதற்குச் சான்று உண்டு. கோவை ஜி.டி. நாயுடு (1893–1974) முறையான பொறியியற் கல்வி பெற்றவர் அல்லர். இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்தார். உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை அதனைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டியதுதான்! 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் பேருந்து ஓட்டத் தொடங்கியதும், பின்னர்ப் பெருந்தொழில்களை நிறுவியதும் அத்துணிவின் விளைவுகளே. அதே துணிவு இங்குத் தோட்டத்துக் கொட்டகையிலும் இருந்தது. அவருக்கு வரலாறு எழுதப்பட்டது. கொட்டகைப் பிட்டருக்கு எழுதப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே.

பழுதும் பரிகாரமும்

1967-இல் ஷா ஆலாமில் வோல்வோ கார்களை இணைக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1983-இல் புரோட்டோன் நிறுவனம் அமைந்து, 1985 ஜூலையில் முதல் சாகா கார் வெளிவந்தது. கார் செல்வர்க்கு மட்டும் உரியது என்னும் நிலை மாறிற்று. தொடக்கக் காலத்துக் கார் பலவற்றில் குளிர்சாதனம் முகப்புப் பலகையின் கீழ்த் தனிப் பெட்டியாகத் தொங்கியது. காற்றின் வேகத்திற்கு ஒரு குமிழ், குளிரின் அளவுக்கு ஒரு குமிழ், அவ்வளவே. பிறகு கம்பிவடம் இழுக்கும் நெம்புகோல்கள் வந்தன, பிறகு மின்பலகை பொருத்திய பொத்தான்கள், இன்றோ தொடுதிரை.

பொத்தானின் உட்புறத்தைக் காண்போம். பல வண்டிகளில் பொத்தானின் அடியில் சிறு குமிழ்போல் ஒரு ரப்பர் இருக்கும். நம் முன்னோர் பால் வெட்டிய மரத்து ரப்பர் அன்று அது. சிலிக்கோன் என்னும் செயற்கை வகை. அதன் நடுவே கரிப்பூச்சுடைய ஒரு புள்ளி. அழுத்தும்போது அப்புள்ளி கீழேயுள்ள செப்புக் கோடுகளைத் தொட்டு மின்சாரத்திற்கு வழிவிடும். தூசியோ, சிந்திய இனிப்புப் பானமோ, ஈரக்காற்றோ இடையில் புகுந்தால் தொடர்பு அறும். மோரிப் கடற்கரைக்கு அண்மையிலுள்ள பந்திங் போன்ற ஊர்களில் ஈரமும் உப்பும் கலந்த காற்று செம்பை விரைவில் கறுக்கச் செய்வது இயல்பு. வெயிலில் சூடேறியும் குளிர்காற்றில் ஆறியும் வருவதால், மின்பலகையின் பற்றாசு இணைப்புகளில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுவதும் உண்டு.

இவற்றுள் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சீர்செய்யலாம். முதலில் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, சிறிது நேரம் காத்திருத்தல் வேண்டும்; காற்றுப்பை உள்ள வண்டிகளில் இதனைத் தவறவே கூடாது. சட்டத்தை இரும்பால் நெம்பாமல் பிளாஸ்டிக் ஆப்பினால் மெல்ல நெகிழ்த்தல் நன்று. கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளின்மேல் வைத்தல் வேண்டும். செப்புக் கோடுகளை ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணியால் துடைத்து, உலரவிட்டுப் பூட்டினால் பல பொத்தான்கள் உயிர் பெறும். பெட்ரோலையோ தின்னரையோ தொடுதல் ஆகாது. அவை பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

குற்றம் பொத்தானில்தான் உள்ளது என்று முடிவு கட்டுமுன் ஆராய்தலும் வேண்டும். காற்று மிகுந்த வேகத்தில் மட்டும் வந்து, ஏனைய வேகங்களில் வாராதிருந்தால், பெரும்பாலும் பொத்தான் குற்றமற்றது. விசிறிக்குரிய மின்தடையே கருகியிருக்கும். மிகுந்த வேகத்திற்கான மின்சாரம் அத்தடை வழியே செல்வதில்லை என்பதே காரணம். இதை அறியாதவர் பெட்டியை மாற்றிப் பணத்தை இழப்பர். அறிந்தவர் சிறு உறுப்பொன்றை மாற்றி அமைவர்.

எல்லையும் உண்டு. குளிர்வாயு செல்லும் குழாய்களை வீட்டில் திறத்தல் கூடாது. அழுத்தம் மிகுந்த அவ்வாயு கையைப் புண்ணாக்கும். மேலும், முற்காலத்துக் குளிர்வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என 1974-இல் அறிவியலார் எச்சரித்தனர்; 1987-இல் மொன்றியல் உடன்படிக்கை அதனைக் கட்டுப்படுத்தியது. தன் கை எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று அறிவதே தொழில் அறிவின் முதிர்ச்சி.

நாம் செய்யவேண்டுவது

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தோர் பலர். அத்துயர்க்கு மாற்றாகவே 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இடம்பெயர்ந்தவனுடன் கூடவே பெயரக்கூடிய சொத்து கைத்தொழில் ஒன்றே. ஆனால் நாம் என்ன செய்தோம்? எழுதுகோல் பிடிக்கும் கை உயர்ந்தது, திருப்புளி பிடிக்கும் கை தாழ்ந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்லி வளர்த்தோம். பொறியை அறிந்த தந்தைகளின் பிள்ளைகள் பொறியைக் கண்டு அஞ்சுவோர் ஆயினர்.

ஆசிரியராகிய நமக்கு இதில் பங்கு உண்டு. வாழ்வியல் திறனும், பின்வந்த வடிவமைப்பும் தொழில்நுட்பமும் தேர்வுக்குரிய ஏட்டுப் பாடங்களாகக் குறுகிவிடலாகாது. பயனற்றுப் போன ஒரு பொத்தான் பெட்டியை வகுப்பில் மேசைமேல் வைத்து, மாணவரைத் திறக்கச் செய்தால் மின்சாரமும் அறிவியலும் பொறுமையும் ஒருங்கே விளங்கும். திருகு, நெம்புகோல், பற்றாசு, மின்தடை என்னும் சொற்கள் அகராதியிலிருந்து இறங்கி அவர்கள் நாவில் குடியேறும். மேலும், செந்தூலிலும் தோட்டத்துக் கொட்டகைகளிலும் உழைத்து இன்று முதியோராய் நம்மிடையே இருப்போரின் அனுபவத்தைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அவர்கள் அறிவு ஏட்டில் ஏறாமல் அவர்களுடனேயே மறைந்துவிட்டால், அந்த இழப்பை எந்தப் பட்டறையிலும் சீர்செய்ய இயலாது.