பத்து நாட்கள்

விருத்தாசலம் சூளைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: விரிசல் பச்சை மண்ணிலேயே விழுந்திருக்கும், நெருப்பு அதைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். 1969-இல் வந்த கபூர் ஆணைய அறிக்கையைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

1948 ஜனவரி 20. பிர்லா மாளிகையில் குண்டு வெடிக்கிறது. பிடிபட்ட மதன்லால், கூட்டாளிகளில் ஒரு மராத்திப் பத்திரிகை ஆசிரியரும் உண்டு என்கிறார். மறுநாள் பேராசிரியர் ஜெயின், மதன்லால் தன்னிடம் முன்பே உளறியதை மொரார்ஜி தேசாயிடம் சொல்கிறார். விசாரித்த பம்பாய் போலீஸ் அதிகாரி நகர்வாலா, இது காந்தியைக் கடத்தும் திட்டம் என்றே நம்பினார். ஜனவரி 30 அன்று அந்த ஆசிரியர் கோட்சே சுட்டார்.

தகவலுக்குப் பஞ்சமில்லை. 'நம்மாளு கொலை வரைக்கும் போவானா?' என்ற நினைப்புதான் கண்ணை மறைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நினைப்பு இன்னும் போய்விடவில்லை.